முதல் பக்கத்துச் சலவைக்காரி

வெள்ளிக்கிழமை கல்லறைக் கல்லில் பெயர் வெட்ட ஆள் வருகிறான். அந்தக் கல்லில், கடலில் மாண்டுபோன ராபர்ட் ஸ்டோரின் பெயருக்குக் கீழே ஒரு வரி நூறு வருஷத்துக்கு மேலாகக் காலியாகக் கிடந்தது. அவர் மனைவி கெசையாவுக்கு உரிய இடம் அது. அதை நிரப்பியே தீருவேன் என்று குவெண்டாவும், தன் உயிர் இருக்கும்வரை கூடாது என்று அவளுடைய பெரியப்பா வில்ஃபும் மல்லுக்கு நின்றார்கள். கல்லறைப் பத்திரம் பெரியப்பா பெயரில் இருந்தது. அந்தத் தொண்ணூற்றொரு வயது மனிதர் கையெழுத்துப் போட்டால்தான் கல்லில் உளி படும்.

"புருஷன் செத்த ஆறே மாசத்துல ரெண்டு பிள்ளைங்களையும் ஏழை விடுதியில தள்ளிட்டுப் போனவ. மூணு வருஷம் ஊர் சுத்திட்டு வந்து கூட்டிட்டுப் போனா. அதுல ஒருத்தர் எங்க தாத்தா மேத்யூ. கடைசிவரைக்கும் அவளை அம்மான்னு சொன்னதில்ல, மேடம்னுதான் சொல்வார். என் காதால கேட்டிருக்கேன். பெத்தவளை ஒருத்தர் மேடம்னு சொன்னா அவ எந்த லட்சணத்துல இருந்திருப்பா?" என்றார் பெரியப்பா.

"ஏன்னு அவர்கிட்ட கேட்டீங்களா?"

"விடுதிப் பேச்ச எடுத்தா எழுந்து போயிடுவார். நீ முப்பது வருஷம் ஸ்கூல்ல சோறாக்குனவ. துப்பறியுற வேலை உனக்கெதுக்கு?"

குவெண்டாவுக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷமாகத் தேடியும் அவளிடம் இருந்தது ஒரே தாள். 1881-ஆம் வருஷம், குடிமக்கள் கணக்கெடுத்த ஓர் இரவில் அந்த விடுதியில் படுத்திருந்தவர்களின் பட்டியலில் ஒன்பதாம் பக்கம். மேத்யூ, ஏழு வயது. ஹன்னா, நான்கு வயது. தாயை மட்டும் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எந்தத் தெருவின் கணக்கிலும் காணவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆவணக் காப்பகத்தில், வேறு வழி தெரியாமல் அந்தப் பட்டியலை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். முதல் பக்கம் விடுதி ஊழியர்களுடையது. ஏழைப்பட்ட முன்னோரைத் தேடுகிற யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை, அவளும் பார்த்ததில்லை. நம் ஆட்கள் சம்பளம் வாங்குகிற பக்கத்திலா இருக்கப் போகிறார்கள் என்ற நினைப்புதான்.

கெசையா தீக்கர். விதவை. முப்பத்து நான்கு வயது. சலவைக்காரி. பிறந்த ஊர் ரன்ஸ்விக்.

தீக்கர் என்பது கெசையாவின் பிறந்த வீட்டுப் பெயர். கைநாட்டு வைத்த அவளுடைய கல்யாணப் பதிவில் குவெண்டா அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். விடுதி நிர்வாகிகளின் கூட்டக் குறிப்பேட்டை வரவழைத்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். 1882 மார்ச் மாதக் குறிப்பில் அந்தப் பெயர் இருந்தது.

வியாழக்கிழமை அதன் நகலைப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"சலவைக்காரி தீக்கர், பிள்ளை குட்டி இல்லாதவள் என்று சொல்லி வேலையில் சேர்ந்தவள். விடுதியிலுள்ள ஹன்னா ஸ்டோர் காய்ச்சலில் இவளை அம்மா என்று அழைத்ததால், அவளும் அவள் அண்ணனும் இவளுடைய பிள்ளைகள் எனத் தெரியவந்தது. இவள் சொல்லிக்கொடுத்தபடி மூன்று ஆண்டுகளாக இருவரும் இவளை மேடம் என்றே அழைத்து வந்துள்ளனர். வேலைநீக்கம் செய்யப்பட்டாள். பிள்ளைகளை அன்றே அழைத்துச் சென்றாள்."

மூன்று வருஷம் கெசையா தன் பிள்ளைகளின் சட்டைகளை ஊரார் துணியோடு சேர்த்துத் துவைத்திருக்கிறாள். எதிரே வந்தால் யாரோபோலக் கடந்திருக்கிறாள். ஒரு சொல் தவறியிருந்தால் எல்லாம் போயிருக்கும். சின்னப் பையன் மேத்யூ அந்த ரகசியத்தைக் கட்டிக் காத்திருக்கிறான். இப்படியும் ஒருத்தி இருந்தாளா என்று குவெண்டாவுக்கு மலைப்பாக இருந்தது.

"மேடம்னு சொல்றப்பல்லாம் தாத்தா தொப்பியக் கழட்டுவார்," என்றார் பெரியப்பா. "நான் கிண்டல்னு நெனச்சேன். இத்தனை வருஷம் நான் அவளத் திட்டியிருக்கேனே, குவெண்டா."

கல்லில் பெயர் வெட்டுவதற்கான விண்ணப்பத்தை வாங்கி மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு கெசையா ஸ்டோர் என்ற பெயருக்குக் கீழே, தாமாகவே ஒரு வரி சேர்த்தார்.

மேத்யூ, ஹன்னா இவர்களின் அம்மா.