செல்லாத காகிதம் தின்ற கறையான்

எழுபத்து நாலாம் வருஷம் கஞ்சிக்கோட்டுச் சிரிஞ்சுக் கம்பெனியின் ரெக்கார்டு அறையில் புற்றுக் கட்டிய கறையான், செல்லாத காகிதத்தை மட்டுமே தின்றது. ஆஸ்பத்திரிகளுக்குக் கண்ணாடிச் சிரிஞ்சு செய்கிற கம்பெனி அது. என்ஜினீயர்கள் வரைபடத்தை ஓயாமல் திருத்துவார்கள். பழைய படத்தைத் திரும்ப வாங்கி வைக்க ஒருவருக்கும் நேரமிராது. குழாய் புதுப் படத்தின்படியும் தண்டு பழைய படத்தின்படியும் வந்து, ஒன்றுக்குள் ஒன்று போகாமல் சம்பந்திச் சண்டை போல விறைத்துக்கொண்டு நிற்கும். கறையான் வந்தபின் அந்தத் தொல்லை விட்டது. புதுப் படத்தில் கையெழுத்து காய்வதற்குள் பழையது, எந்த மேசையில் கிடந்தாலும், மண்ணாகிவிடும். அதை ஒட்டிக் கிடக்கும் நல்ல படத்தில் ஒரு பல் படாது. அறையைப் பார்த்துக்கொண்ட ஆறுச்சாமிக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பெருக்குமாறு புற்றில் படாமல் மட்டும் பார்த்துக்கொண்டான். வருஷக்கணக்காகத் தற்காலிக ஆள், அவனுக்கு இருந்த கவலை வேறு.

புதிதாக வந்த மேனேஜர் நல்லதம்பி புற்றைப் பார்த்ததும் குதித்தார்.

"ஏப்பா, ஆஸ்பத்திரிச் சாமான் செய்யற எடத்துல புத்தா? இன்ஸ்பெக்டர் வந்தா என்னடா சொல்லுவே?"

"செல்லாததத்தானுங்க சார் திங்குது."

"அப்ப நீயும் செல்லாதவந்தான். ஊட்டுக்குப் போ."

நீக்கல் உத்தரவு டைப்பாகி ஃபைலுக்குப் போனது. காலையில் மண். மறுபடி அடித்தார்; மறுபடி மண். உத்தரவு இல்லாமல் ஆளை நிறுத்த முடியாதாகையால் ஆறுச்சாமி தினமும் வந்து ஃபைலைத் திறந்து பார்த்தான்.

மூன்றாவது மண்ணைக் கூட்டி அள்ளிய, ஆபீஸ் பெருக்கும் கமலாத்தாள், "ஏனுங்க சார், தெனமும் ஒரே பலகாரமாப் போட்டா அதுகளுக்கும் சலிக்காதுங்களா?" என்றாள்.

நாலாவதை மேனேஜர் தன் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். விடிந்து திறந்தால் அதுவும் மண். பக்கத்திலிருந்த அவருடைய சொந்த நியமன உத்தரவு ஓர் ஓரத்தில் கடிபட்டிருந்தது, ருசி பார்த்த மாதிரி. பிறகு ஆறுச்சாமியின் நியமன உத்தரவைக் கொண்டுவரச் சொன்னார். அதில் ஒரே ஓர் ஓட்டை. 'தற்காலிகம்' என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தை இருந்த இடம். முன்னும் பின்னும் ஓர் எழுத்துச் சேதமில்லை.

கம்பெனிக் காகிதத்தில் எந்தத் திருத்தம் வந்தாலும் பக்கத்தில் மேலதிகாரி கையெழுத்தும் தேதியும் வேண்டும் என்பது சட்டம். மேனேஜர் ஓட்டையைப் பார்த்தார், தன் காகிதத்தின் ஓரத்தைப் பார்த்தார், பேனா மூடியைக் கழற்றினார்.

"போய் வேலையப் பாருங்க, ஆறுச்சாமி" என்றார்.

அடுத்த மாதம் திருவனந்தபுரத்திலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் புற்றைச் சுற்றி நடந்துபோய், பழைய படங்களை அகற்றும் முறை திருப்தி என்று எழுதினார். அந்தத் தாளைக் கறையான் தொடவில்லை.