எல்மர் பிட்னியின் பிணங்கள் ரூ காயில் நடத்திய வேலைநிறுத்தம்

எல்மர் பிட்னி எழுதிக் கொன்ற நாற்பது பேரும் பாரிஸின் ரூ காய்த் தெருவில் இருந்த அவருடைய மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. ஆகவே படியேறித்தான் வந்தார்கள். தலையில் கோடரி இறங்கியவர் அது சுவரில் இடிபடாமல் பக்குவமாகத் திரும்பித் திரும்பி ஏறினார். ஏரியில் மூழ்கிய கப்பல் முதலாளி மிதித்த படிகள் மூன்று நாளைக்குக் காயவில்லை. எல்மர் கதவைத் திறந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உள்ளே அழைத்தார். தன் கையால் கொன்றவர்களை மறக்கிற ஆள் இல்லை அவர். அவர்களிடம் விசா இல்லை என்பதை அந்தத் தெருவில் யாரும் ஒரு குறையாகச் சொல்லவும் இல்லை.

எல்மர் ஒஹாயோக்காரர். ஈழத் தமிழர் நிறைந்த லா சப்பல் பகுதியில் வாடகை மலிவு என்று யாரோ சொன்ன பொய்யை நம்பி வந்தவர், எண்பதை எட்டிக்கொண்டிருந்தபோதும் அங்கேயே இருந்தார். கீழே அஜந்தாவின் சாப்பாட்டுக் கடையில் மதியம் இடியப்பமும் சொதியும். மேலே தட்டச்சு இயந்திரமும் கொலையும். புத்தகத்துக்கு ஒரு பிணமாக முப்பத்தொன்பது நாவல்கள். எல்லாவற்றிலும் தொப்பி போட்ட டோலன் என்ற துப்பறிவாளர் வந்து கொலைகாரனைப் பிடித்துக்கொடுத்துவிட்டுப் போவார். நாற்பதாவதில்தான் வண்டி நின்றது. விடுதி நடத்திய மேபல் ஹாப்ஸ் என்ற அம்மாவை எல்மர் சாவி உள்ளே கிடக்கப் பூட்டிய அறையில் நஞ்சு வைத்துக் கொன்றார். எவ்வளவு அழகாகப் பூட்டினார் என்றால், ஏழு வருடமாக அவராலேயே திறக்க முடியவில்லை. தன்னைக் கொன்றது யாரென்று தெரியாமல் எந்தப் புத்தகத்திலும் படுத்துக்கிடக்க முடியாது என்று மேபல் அம்மா சொல்ல, மற்ற முப்பத்தொன்பது பேரும் ஆதரவாக எழுந்து வந்துவிட்டார்கள். பிரான்சில் கால் வைத்தவருக்கு முதலில் பழகுவது வேலைநிறுத்தம்தானே.

அன்று மாலையே உலகம் முழுக்க எல்மரின் புத்தகங்கள் காலியாயின. டோலன் கதவை உதைத்துத் திறப்பார். உள்ளே கம்பளம் மட்டும் கிடக்கும். வாசகர்கள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். நியூயோர்க் பதிப்பாளர் தொலைபேசியில் சுருக்கமாகப் பேசினார்: மாத முடிவுக்குள் பிணங்கள் இடத்துக்குப் போகாவிட்டால் அத்தனை புத்தகங்களையும் அரைத்துக் காகிதக் கூழாக்கிவிடுவோம். எல்மருக்குப் பிள்ளை குட்டி இல்லை. வாழ்ந்ததற்கு அடையாளம் என்று இருந்தது அந்தப் புத்தகங்கள் மட்டுமே. அவர் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். விரல்கள் அசையவில்லை.

இந்த நேரத்தில்தான் அஜந்தா ஒரு பிழை விட்டாள். மூன்றாம் மாடியிலிருந்து தெருவாசல் வரைக்கும் முகம் வாடிய சனம் படியில் குந்தியிருந்தால் அது செத்தவீடு. லா சப்பலில் அதற்கு வேறு பொருள் கிடையாது. யார் மோசம் போனது என்று கேட்டாள். கோடரிக்காரர் நேர்மையானவர், மேபல் அம்மா என்றார். அரை மணி நேரத்தில் கடைக் கண்ணாடியில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியாயிற்று: 'அமெரிக்கா ஒஹாயோவைப் பிறப்பிடமாகவும் பாரிஸ் ரூ காயைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட...' செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று சோறும் தேத்தண்ணியும் மேலே போயின. மறுநாள் சனம் திரண்டது. மேபல் அம்மாவை ஒருவருக்கும் தெரியாது. செத்தவீட்டுக்குப் போக அது என்றைக்குத் தடையாக இருந்தது?

வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி, என்ன நடந்தது என்று. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லவேண்டியது வீட்டுக்காரரின் கடமை. எல்மரோ தனக்குத் தெரியாது என்றார். இப்படியும் ஒரு வீட்டுக்காரரா என்று முகம் சுளித்தவர்கள், செத்தவரே நாற்காலியில் இருந்தபடியால் அவரிடமே கேட்டார்கள். அத்தனை வருடம் துப்பறியும் கதை எழுதியும் எல்மருக்கு இந்த யோசனை வந்ததில்லை. மேபல் அம்மா யாழ்ப்பாணத் தமிழில் பதில் சொன்னார். மற்றவர்கள் எல்லாரும் இருபது மொழிகளில் பெயர்க்கப்பட்டவர்கள். அவர்களுடைய பழக்கம் இவருக்கும் தொற்றியிருந்தது.

முதலில் வந்தவருக்கு, படுத்தேன், எழும்பவில்லை என்று முடித்துக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் விடுகிற ஆட்களா? பிரஷர் இருந்ததோ, சீனி வருத்தம் இருந்ததோ, இரவு என்ன சாப்பாடு என்று கிளறக் கிளறக் கதை வளர்ந்தது. திரைச்சீலைக்கு நிறம் வந்தது. எல்மர் ஓசைப்படாமல் இயந்திரத்தில் ஒரு தாளைச் செருகினார். கடைசியாக, பாரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல்லிலிருந்து ரயில் பிந்தி வந்தவள் ஜெனிற்றா. கதையைப் பாதியிலிருந்து கேட்க அவளுக்குப் பிடிக்காது; முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

"படுக்கேக்கை ஏதும் குடிச்சனீங்களோ அம்மா?"

"ஒரு கப் பால், பிள்ளை."

"ஆர் கொண்டந்து தந்தது?"

"டோலன் தம்பிதான். பாவம், முதல் நாளே வந்து நிண்டவர்."

"கொலை விழமுதலே துப்பறியிறவருக்கு அங்கை என்ன அலுவல்?"

எல்லாத் தலையும் திரும்பியது. குசினி மூலையில் டோலன் தொப்பியும் கையில் தேத்தண்ணியுமாக நின்றார். அவரும் சோற்றுக்கு வந்திருந்தார்.

"பாலிலை நஞ்சு கலந்ததும், அறையை வெளியாலை பூட்டினதும் நான்தான், பிறகு எல்லாருக்கும் முன்னாலை கதவை உடைச்சதும் நான்தான்," என்றார். "உடைச்சு உள்ளுக்கை போகேக்கை சாவியை நிலத்திலை போட்டனான். எல்மருக்கு வயசு போட்டுது. இனி ஒருத்தரையும் கொல்லாமல் விட்டிட்டால் எனக்கு என்ன வேலை?"

"கோப்பை கழுவ ஆளில்லாமல் நான் சாகிறன், இவருக்கு வேலை இல்லையாம்!" என்றாள் அஜந்தா.

எல்மர் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு விரல்களை இயந்திரத்தில் வைத்தார். ஏழு வருடம் அடைத்துக் கிடந்தது பின்னேரத்துக்குள் கொட்டி முடிந்தது. "எல்மர் அண்ணை, நிப்பாட்டாதேங்கோ" என்று பின்னாலிருந்து சனம் தேத்தண்ணியைக் கைமாற்றிக் கொடுத்தது. கடைசித் தாளை மேபல் அம்மா படித்து, சரி என்றார். வீடே கைதட்டியது. டோலன் தானாகக் கையை நீட்டி விலங்கை மாட்டிக்கொண்டு கடைசி அத்தியாயத்துக்குள் போனார். மற்றவர்கள் கை கழுவி, சொல்லிக்கொண்டு, அவரவர் புத்தகத்தில் போய் விழுந்தார்கள்.

நாற்பதாவது நாவல் வெளிவந்தபோது பாரிஸ் புத்தகக் கடைகளில் வரிசை தெருவைத் தாண்டி நின்றது. பதிப்பாளர் நியூயோர்க்கிலிருந்து நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். பழைய நாவல்களில் பிணங்களுக்கு முன்பில்லாத ஒரு பொலிவு கூடியிருப்பதாக விமர்சகர் ஒருவர் பாராட்டி எழுதினார். அரிசிச் சோற்றின் வேலை அது.

டோலன் சிறைக்குப் போனதால் எல்மரின் புதிய நாவல்களில் துப்பறிபவள் வில்லியே லே பெல்லிலிருந்து ரயிலில் வருகிறாள். செத்தவரிடமே கேட்டு முடித்துவிடுகிறாள். கொலையாகப் போகிறவர்களும் இப்போது முன்கூட்டியே வந்து அஜந்தாவின் கடையில் சாப்பிட்டுவிட்டுத்தான் மேலே போகிறார்கள். ரூ காயில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போன வெள்ளிக்கிழமை வந்தவர் ஒரு பல் வைத்தியர். தோசை இரண்டு சாப்பிட்டார். நல்ல மனிதர். ஆனால் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டமாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தபடியால், அஜந்தா அவர் கேட்காமலே இன்னொரு தோசை போட்டாள்.