மச்சாளோ, அக்காவோ?

பரந்தனில் அந்த ஆனி மாதம் விறகே தேவைப்பட்டிருக்காது. இராசேஸ்வரியின் வயிற்றெரிச்சலிலேயே ஒரு கலியாணத்துக்கு வேண்டிய சோற்றை அவித்து இறக்கியிருக்கலாம்.

காரணம் வடிவம்மா. இராசேஸ்வரியின் ஒரே மகன் சுஜிதன் கட்டப்போகும் தேனுகாவின் தாய். ஆவணியில் கலியாணம். பேசி முடித்த நாளிலிருந்து இரண்டு தாய்மாரும் ஒருவரையொருவர் "மச்சாள்" என்று தேன் ஒழுக அழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்த வடிவம்மாவின் தம்பி கொம்பியூட்டரில் வம்சாவளி மரம் ஒன்றை நட்டுவிட்டான். மரத்தின் ஒரு கொப்பில் நாவலாசிரியை ஆம்பல்விழி உட்கார்ந்திருந்தார். பாரிசிலும் இலண்டனிலும் போர்த்திய பொன்னாடைகளை அடுக்கினால் ஆனையிறவு வரை நீளும், அந்த ஆம்பல்விழி! அவருடைய அப்பப்பாவும் வடிவம்மாவின் அப்பப்பாவும் கூடப்பிறந்தவர்கள்.

"எனக்குத் தங்கச்சி முறை, மச்சாள்" என்று வடிவம்மா சொல்லாத இடமில்லை. கோயிலடி, சங்கக்கடை, மீன் வியாபாரியின் பெட்டியடி. கொக்கிளாய் மீனுக்கே அந்தச் சொந்தம் மனப்பாடம்.

"கலியாணக் கார்ட்டில தேனுகாவின்ர பேருக்குக் கீழ, ஆம்பல்விழியின்ர பெறாமகள் எண்டு பொன் எழுத்தில போடுவம். உங்கட பக்கத்தில என்ன போடுறது, மச்சாள்?"

இராசேஸ்வரியின் பக்கத்தில் போடுவதற்குக் கணவர் செல்வநாயகம்தான் இருந்தார். அவரும் அப்போது நித்திரை.

குறை பிடிப்பதற்கென்றே ஆம்பல்விழியின் நாவல் ஒன்றைத் தேடி எடுத்தாள். வாய்க்காலில் தண்ணீர் வருமென்று வரம்பிலேயே காத்திருந்த ஒருத்தியின் கதை. அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, கரிந்தது. இராசேஸ்வரிக்குத் தெரியவில்லை. முடித்தபோது ஆத்திரம் இரட்டித்தது. நல்ல நாவல். சனியன், மிக நல்ல நாவல்! தன் தாய் நின்ற வரம்பைத் தனக்கு முந்தி யாரோ எழுதிவிட்டதுபோல் இருந்தது. இப்படிப்பட்டவர் போயும் போயும் பஞ்சாங்கம் தவிர வேறொன்றும் வாசிக்காத வடிவம்மாவுக்கா சொந்தம்?

தன் பக்கத்திலும் ஆம்பல்விழிக்கு ஒரு சொந்தம் தேடத் தொடங்கினாள். இலண்டனிலிருந்த சித்தப்பாவை நித்திரையால் எழுப்பினாள். பிறகு மல்லாவிக்குப் பஸ் ஏறி, காது கேளாத பெரியப்பாவிடம் விசாரித்தாள். அவள் கத்திய கத்தில் மல்லாவிச் சந்தைக்கே அவளுடைய பரம்பரை பாடமாயிற்று.

"ஓமடி பிள்ளை, எங்கட அப்புவோட மூண்டு ஆம்பிளையள். அப்பு காடு வெட்டி வயல் செய்ய வன்னிக்கு வந்திட்டார். மற்ற ரெண்டு பேரும் ஊரோட நிண்டிட்டினம். கடைக்குட்டியின்ர பேத்தி ஒருத்தி ஏதோ எழுதிறாளாம்" என்றார் பெரியப்பா.

அடுத்த நாளே சுஜிதனின் மோட்டார் சைக்கிளில் வடிவம்மாவின் வீட்டில் போய் இறங்கினாள்.

"வாங்கோ மச்சாள், இருங்கோ" என்று வடிவம்மா கதிரையை இழுத்துப் போட்டாள்.

"இனி மச்சாள் எண்டு கூப்பிடாதேங்கோ. அக்கா எண்டு கூப்பிடுங்கோ!"

"என்ன?"

"உங்கட அப்பப்பா, ஆம்பல்விழியின்ர அப்பப்பா, என்ர அப்பப்பா, மூண்டு பேரும் ஒரு வயித்துப் பிள்ளையள். அவா உங்களுக்குத் தங்கச்சி எண்டால் எனக்கும் தங்கச்சி. நான் உங்களுக்கு அக்கா. கார்ட்டில ரெண்டு பக்கமும் பொன் எழுத்துப் போடுங்கோ!"

வடிவம்மாவின் முகம் வெயிலில் கிடந்த கத்தரிக்காயாய்ச் சுருங்கியது. அதை இராசேஸ்வரி ஆற அமரச் சுவைத்துக்கொண்டிருந்தபோது, சுஜிதனுக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது.

"அம்மா, அப்ப தேனுகா எனக்கு ஆர்?"

"ஆரோ? என்ர தங்கச்சியின்ர மகள்..."

திறந்த வாய் அப்படியே நின்றது. அக்கா தங்கைமாரின் பிள்ளைகள் அண்ணன் தங்கை. பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த முறை. வடைத்தட்டோடு வந்த தேனுகா குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பிடியெண்டால், அக்கா," வடிவம்மா அந்த 'அக்கா'வைப் பாகில் ஊறவைத்துச் சொன்னாள், "கார்ட்டே அடிக்கத் தேவையில்லை. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஆர் கலியாணம் செய்து வைக்கிறது?"

இராசேஸ்வரி மகனைப் பார்த்தாள். இந்தப் பெட்டையைக் கட்டுவதற்காகவே கட்டாரில் வெயில் குடித்துவிட்டு வந்தவன். முகத்தில் ஒரு சொட்டு இரத்தமில்லை. ஆம்பல்விழியை மனதுக்குள் ஒருதரம் இறுகக் கட்டிப்பிடித்தாள். பிறகு கையை விட்டாள்.

"பொறுங்கோ, பொறுங்கோ. பெரியப்பா சொன்னதை நான்தான் பிழையாய் விளங்கியிட்டன். எங்கட அப்பப்பா அவையோட கூடப்பிறந்தவரில்லை. கூடிப் பழகினவர். அவ்வளவுதான். அயல் வீடு."

காடு வெட்டி, யானையை அதட்டி நின்ற மனிதர் ஒரு நொடியில் அயல்வீட்டுக்காரர் ஆனார்.

"அப்ப ஆம்பல்விழி?"

"உங்களுக்குத்தான், மச்சாள்."

அதைச் சொன்னது வயல் நண்டை உயிரோடு விழுங்கினதுபோல் இருந்தது. சுஜிதனுக்கு மூச்சு வந்தது. வடிவம்மா தேனுகாவின் கையிலிருந்த வடைத்தட்டை வாங்கி, அரசியைப்போல் நீட்டினாள்.

"கவலைப்படாதேங்கோ, மச்சாள். பிறக்கப்போற பேரப்பிள்ளையாவது எங்கட பக்கத்து மூளையோட பிறந்து எழுதும்."

"எழுதட்டும் மச்சாள், நல்லாய் எழுதட்டும். புத்தகத்தில பேருக்கு முன்னால இனிஷல் எங்கட சுஜிதன்ரதானே நிக்கும்!"

நீட்டிய தட்டு பாதி வழியில் நின்றது. இராசேஸ்வரி எட்டி, பெரிதாய்ப் பார்த்து இரண்டு வடை எடுத்தாள்.