சட்டிக்குள் மூன்று பொட்டலம்

டமார்!

மருந்து மேசைமேல் ஒரு மண்சட்டி வந்து விழுந்த வேகத்தில் பித்தளைத் தராசு துள்ளிச் சரிந்தது. நியே ருய்லான் அதை இடது கையால் பிடித்துக்கொண்டாள். வலது கையில் இருந்த பொட்டலத்திலிருந்து ஒரு துரும்புகூடச் சிந்தவில்லை.

"யாரு இங்க மருந்து கட்டினது? முன்னால வரச் சொல்லு! ஊரே பார்க்கட்டும்!"

சட்டிக்குப் பின்னால் கான் ஃபெங்தி நின்றிருந்தாள். ஜாங்ஷு ஊரின் கிழக்குச் சந்தையில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. முப்பது வருஷமாக அரிசி நூடுல்ஸ் கடை நடத்துகிறாள். அடுப்படியில் நின்றபடியே தெருமுனை மேசைக்காரரிடம் 'காரம் கூடவா, குறைச்சலா' என்று கேட்கும் தொண்டை அவளுக்கு. அந்தத் தொண்டை இப்போது யோங்ஆன் மருந்தகத்தின் நூற்றுக்கணக்கான மர இழுப்பறைகளை அதிர வைத்தது.

"நான்தான் கட்டினேன். என்ன விஷயம்க்கா?" என்றாள் ருய்லான்.

"என்ன விஷயமா? என் மருமகளுக்கு உதிரப்போக்கு நிக்கலைன்னு உங்க டாக்டர் சியோங் எழுதிக் கொடுத்தாரு. ஏழு பொட்டலம் முடிஞ்சுது. இன்னொரு ஏழும் முடிஞ்சுது. இன்னும் ஒழுகிக்கிட்டுத்தான் இருக்கு. மருந்து கட்டினியா, மாட்டுத்தீவனம் கட்டினியா? ஜாங்ஷு வழியா வராத மருந்து பலிக்காதுன்னு நாடு பூரா பேசுறான். ஜாங்ஷுக்குள்ளேயே பலிக்கலையேடியம்மா!"

கியூவில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாசலில் போனவர்கள் உள்ளே வந்தார்கள். ஒருத்தி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கத் தொடங்கினாள்.

ருய்லானின் காதருகே பான் வந்து நின்றார். அந்த மருந்தகத்தில் ஒருவர் கட்டினால் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ருய்லான் கட்டுவாள், பான் சரிபார்ப்பார். எதற்கும் பயப்படுகிற மனிதர்.

"டாக்டர் வெள்ளிக்கிழமைதான் வருவாரு. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டு, ஏழு பொட்டலம் இனாமாக் கொடுத்து அனுப்பிடலாம் ருய்லான்."

"தப்பு பண்ணாம எதுக்கு மன்னிப்பு?"

"படம் எடுக்கிறாங்க பாரு."

"நல்லா எடுக்கட்டும். என் முகம் படத்துல நல்லாத்தான் இருக்கும்."

இருபத்திரண்டு வருஷத்தில் ருய்லானின் கை தப்பியதாக ஒரு புகார் கிடையாது. ஒன்பது கிராம் என்றால் கையால் அள்ளிப் போட்டாலே ஒன்பது கிராம்தான் இருக்கும். தராசு வெறும் சம்பிரதாயம். ஆனால் பொட்டலத்தில் அளவு பிசகியது என்று ஒருமுறை நிரூபணமானால் போதும், மருந்து கட்டும் உரிமை பறிபோகும். அது அவளுக்கும் தெரியும், கூடியிருந்த பாதிப் பேருக்கும் தெரியும். மருந்து வியாபாரத்தில் பிறந்து வளர்ந்த ஊர் அது.

"சட்டிக்குள்ள என்னக்கா?"

"உன் மருந்தோட சக்கை. நோய் போகட்டும்னு வழக்கப்படி நாற்சந்தியில கொட்டியிருக்கணும். நான் கொட்டலை. ஆதாரத்துக்கு வச்சிருக்கேன்."

"ரொம்ப நல்லது. இதுல ஒரு துண்டு தப்பா இருந்தாலும் இந்த வெள்ளைக் கோட்டைக் கழட்டி வச்சிட்டு உங்க கடையில தட்டு கழுவ வர்றேன்."

"என் கடையில தட்டு சுத்தமா கழுவணும். உன்னை வச்சுக்கிறதப் பத்தி யோசிச்சுத்தான் சொல்லணும்!"

மறுபடியும் சிரிப்பு. ருய்லானும் சிரித்தாள். வெள்ளைத் தாளை விரித்துச் சட்டியைக் கவிழ்த்தாள். பழுப்பு நிறச் சக்கை கும்பலாக விழுந்தது. மூங்கில் இடுக்கியை எடுத்துக்கொண்டு, டாக்டரின் சீட்டுப் பிரதியைப் பானிடம் நீட்டினாள்.

"உரக்கப் படிங்க."

பான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "லோங் யாச்சின், பெண், முப்பத்து நாலு வயசு. மாதவிலக்கு இருபது நாளாக நிற்கவில்லை. நாடி தளர்ச்சி. மருந்து பத்து. ஹுவாங்சி வேர்…"

ருய்லானின் இடுக்கி ஓடியது. மஞ்சள் சீவல்கள் ஒரு பக்கம் சேர்ந்தன. மஞ்சிட்டி வேர் ஒரு பக்கம். கருக்கிய பனைநார், கணவாய் ஓடு, சிப்பி ஓடு. கல்லாகிப்போன பழைய எலும்பும் சிப்பி ஓடும் வெந்த பிறகு ஒரே மாதிரிதான் இருக்கும். அவள் பார்க்காமலே பிரித்தாள். வேக வைத்த சிவப்புப் பழங்களைத் தனியே ஒதுக்கினாள்.

"ஒம்பது குவியல்தான் இருக்கு!" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் கத்தினார். "பத்துன்னு படிச்சாரு. ஒண்ணு காணோம்!"

"அப்படிக் கேளுங்க தாத்தா!" ஃபெங்தி மேசையைத் தட்டினாள்.

"பத்தாவது மாசிக்காய்த் தூள்," என்றாள் ருய்லான், நிமிராமலே. "அதைக் காய்ச்சக் கூடாது, கஷாயத்துல கலக்கிக் குடிக்கணும். சின்னப் பொட்டலமா மேலே ஒட்டிக் கொடுத்தேன். அது சக்கையில கிடந்தாத்தான் தாத்தா, உங்க கேள்வி சரி."

கிழவர் தலையைச் சொறிந்துகொண்டு பின்வாங்கினார்.

"எல்லாம் சரி. வேற்றுச் சரக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அரைகுறையாக ஜெயிப்பது ருய்லானுக்குப் பிடிக்காது. "அளவையும் பார்த்துடுவோம். வேரும் பழமும் காய்ச்சினா எடை மாறும். சிப்பி ஓடு மாறாது. சீட்டுல எவ்வளவு?"

"இருபத்து நாலு கிராம்."

சிப்பி ஓட்டைத் துணியில் துடைத்து, மின்னடுப்பில் ஈரம் போகும்வரை உலர்த்தி, தராசுத் தட்டில் கொட்டினாள். படிக்கல்லை நகர்த்தினாள். இன்னும் நகர்த்தினாள்.

எழுபத்திரண்டு.

கூட்டம் தராசை நோக்கி நெருங்கியது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"மூணு மடங்கு!"

"பாவம், அந்தப் பொண்ணு என்ன ஆனாளோ!"

பானின் முகம் தாளைவிட வெளுத்தது. "ஐயையோ, நானும் கையெழுத்துப் போட்டிருக்கேனே."

ருய்லான் குனிந்து படிக்கல்லைச் சரிபார்த்தாள். தராசை மறுபடி பார்த்தாள். எழுபத்திரண்டுதான். தன் கையையும் ஒருமுறை பார்த்தாள். இந்தக் கை மூன்று மடங்கு போடுமா? அரை கிராம் கூடினாலே விரல் உறுத்துமே. கை தப்பாது. அப்படியானால் தப்பு வேறு எங்கோ இருக்கிறது.

கணவாய் ஓட்டை எடுத்து நிறுத்தாள். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தாறு. அதுவும் சரியாக மூன்று மடங்கு.

இப்போது அவள் முகம் தெளிந்தது. தவறு செய்கிற கை இத்தனை கச்சிதமாகத் தவறு செய்யாது. வேர்ச் சீவல்களில் மூன்றை எடுத்து வரிசையாக வைத்தாள். ஒன்றை நகத்தால் கிள்ளினாள்; உள்ளே இன்னும் லேசான மஞ்சள் இருந்தது. இரண்டாவது வெளுத்திருந்தது. மூன்றாவதை வாயில் போட்டு மென்றாள்.

"ஐயே, சக்கையைத் திங்கிறா!" என்றாள் படம் எடுத்தவள்.

"ருசியே இல்ல. நனைஞ்ச அட்டை மாதிரி இருக்கு," என்று தாளில் துப்பினாள் ருய்லான். "இது அஞ்சாறு தடவை கொதிச்சது. இது நாலு தடவை. இது மூணே தடவை. ஃபெங்தி அக்கா, இது ஒரு பொட்டலத்துச் சக்கை இல்ல. மூணு பொட்டலத்துச் சக்கையைச் சேர்த்து வச்சு ஒண்ணாப் போட்டு மறுபடி காய்ச்சியிருக்கீங்க. என் பொட்டலம் சரி. உங்க சட்டிதான் மூணு மடங்கு."

கிழவர் கைதட்டினார். ஃபெங்தி மட்டும் விடவில்லை.

"ஆமா, காய்ச்சினேன். சிக்கனம். அதுல உனக்கென்ன வந்தது?"

"சீட்டுல ரெண்டு தடவைதான் காய்ச்சச் சொல்லியிருக்கு. காலையில பாதி, ராத்திரி பாதி. மருமகளுக்கு அதுவே முழு மருந்து. அதுக்கப்புறம் காய்ச்சினது யாருக்கு?"

ஃபெங்தி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"வழி விடுங்க! கொஞ்சம் வழி விடுங்கப்பா!"

நகரப் பேருந்துச் சீருடையில் ஒரு பெண் கூட்டத்தைத் தோளால் பிளந்துகொண்டு வந்தாள். கையில் கைப்பேசி, அதில் இதே கடை, இதே கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஃபெங்தியின் மருமகள் லோங் யாச்சின் அவள்தான். மூன்றாம் நம்பர் பேருந்து ஓட்டுகிறவள்.

"அத்தை! என்ன கூத்து இது? தெருக் குழுவுல படம் ஓடுது. என் மாசக் கணக்கு இப்போ பஸ் ஸ்டாண்டு பூரா மனப்பாடம். கண்டக்டர் எனக்குக் குடிக்க வெந்நீர் கொண்டுவந்து நீட்டறான்!"

"நீ ஏன்டி வேலையை விட்டுட்டு வந்த?"

"வராம? யாருக்கு நிக்கல? எனக்கு அஞ்சாவது பொட்டலத்துலயே நின்னு போச்சு. டாக்டருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ஏழோட நிறுத்திக்கோன்னாரு. மூணு வாரமா நான் வண்டி ஓட்டறேன், நீங்கதானே சாப்பாடு கட்டித் தர்றீங்க? ரெண்டாவது ஏழு பொட்டலம் யார் வாங்கினது?"

"பார்த்தியா, மருந்து பலிச்சிருக்கு!" என்று பான் மேசையைத் தட்டினார். இதுவரை அந்த மேசையை அவர் தட்டியதே இல்லை.

கூட்டம் சிரித்து ஓய்ந்தது. "ருய்லான் தட்டு கழுவ வரமாட்டா ஃபெங்தி, வேற ஆள் பாரு!" என்றபடி கிழவர் வெளியேறினார். மாமியார் மருமகள் சண்டை, மருந்துக்கடையில் வந்து விடிந்திருக்கிறது என்று ஆளாளுக்கு ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். படம் எடுத்தவளிடம், "தராசையும் சேர்த்துப் போடு," என்றாள் ருய்லான்.

ஜெயித்தாயிற்று. ஆனாலும் ஒரு முள் உறுத்தியது. சீட்டின் ஓரத்தில் டாக்டர், 'தேவைப்பட்டால் இன்னும் ஏழு' என்று எழுதியிருந்தார். அந்த இரண்டாவது ஏழு பொட்டலத்தை ருய்லானேதான் கட்டிக் கொடுத்தாள். யாருக்குத் தேவை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கை சரியாகத்தான் இருந்தது, வாய்தான் சும்மா இருந்துவிட்டது.

ஃபெங்தியைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு நேரம் முழங்கிய பெண் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பிடி இறுகி விரல்கள் வெளுத்திருந்தன. உதட்டிலும் ரத்தமில்லை. யாச்சினும் அப்போதுதான் அதைக் கவனித்தாள். கோபம் பாதியிலேயே நின்றது.

ருய்லான் மேசையைச் சுற்றி வந்து, பின்கட்டுக் கதவைத் திறந்து, மாமியார் மருமகள் இரண்டு பேரையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாள். வெளியே பான் அடுத்த சீட்டைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"எத்தனை நாளாக்கா?"

ஃபெங்தி சுவரைப் பார்த்துப் பேசினாள். "நாப்பது நாள். எனக்கு நின்னு ஒம்பது வருஷமாச்சு. திடீர்னு திரும்ப ஆரம்பிச்சுது. அவளுக்கு மருந்து கேட்டுச்சே, எனக்கும் கேட்கும்னு நெனச்சேன்."

"அத்தை…" என்று யாச்சின் அருகில் வந்தாள்.

"இந்த வயசுல இதை யார்கிட்ட போய்ச் சொல்றது? உன் புருஷன்கிட்டயா? கடைக்கு வர்றவன்கிட்டயா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"நீயே அப்போதான் எழுந்து நடந்த."

ருய்லான் அவள் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். குளிர்ந்திருந்தது. ஆனால் ருய்லானின் குரல் தளரவில்லை. தராசுக்கு முன்னால் பேசிய அதே குரல்.

"கேளுங்கக்கா. அந்த மருந்து யாச்சின் நாடியைப் பார்த்து எழுதினது. உங்களுக்கு எழுதினதில்ல. நின்னு போனதுக்கப்புறம் ரத்தம் பட்டா, ஒரு சொட்டா இருந்தாலும் முதல்ல உள்ளே என்னன்னு பார்க்கணும், அப்புறம்தான் மருந்து. டாக்டர் சியோங் இங்க இருந்தா சீட்டுல ஒரே வரிதான் எழுதுவாரு, 'பெண்கள் ஆஸ்பத்திரி, ஸ்கேன்'னு. எத்தனையோ பேருக்குச் சின்ன விஷயமாத்தான் இருக்கும். ஆனா அதைச் சட்டியில காய்ச்சிக் கண்டுபிடிக்க முடியாது. இன்னிக்கே போகணும். நாளைக்கு இல்ல."

"கடை?"

"கடையை ஒருநாள் மூடுங்க. சந்தை செத்துப் போகாது."

யாச்சின் ஏற்கனவே கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தாள். "மாத்து டிரைவர் கிடைச்சாச்சு அத்தை. நாலு மணி வரைக்கும் நான் உங்க கூடத்தான். வாங்க." மாமியாரின் மேலங்கிப் பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள். ஃபெங்தி மறுக்காமல் நின்றாள்.

கதவுவரை போனவர்களை ருய்லான் நிறுத்தினாள். கேட்காமல் விட அவளால் முடியவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்கக்கா. மூணு பொட்டலத்துச் சக்கையைச் சேர்த்துக் காய்ச்சினது நீங்க. யாச்சினுக்கு நின்னு போச்சுன்னும் உங்களுக்குத் தெரியும். என் மருந்துல தப்பில்லைன்னு தெரிஞ்சேதான் வந்திருக்கீங்க. அப்புறம் எதுக்கு ஊரைக் கூட்டினீங்க?"

ஃபெங்தி திரும்பினாள். சந்தையையே அதட்டும் அந்தத் தொண்டையிலிருந்து குரல் மெல்லத்தான் வந்தது.

"நீ தப்பாக் கட்டிட்டேன்னு உன் வாயால சொல்லிட மாட்டியான்னுதான் வந்தேன் ருய்லான். மருந்து சரின்னா, கோளாறு எனக்குள்ளேன்னுதானே அர்த்தம்?"