வேரோடு ஒட்டுக

நகரத்தின் வடக்குக் கோடியில், தண்டவாளத்துக்கும் ஒரு பெயின்ட் குடோனுக்கும் நடுவில், கம்பி வேலி போட்ட முற்றம் ஒன்று இருந்தது. உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அதை நிறுத்தி ஒன்பது வருஷம் ஆகிறது. இயந்திரத்தை நிறுத்த உத்தரவு வந்ததே தவிர, அதன் மீட்டரைப் பட்டியலிலிருந்து நீக்க உத்தரவு வரவில்லை. அந்தக் கோப்பு எந்த மேஜையில் தூங்குகிறது என்பது அந்த மேஜைக்கே தெரியாது. ஆகவே மீட்டர்காரர் மாதம் தவறாமல் அங்கே போய், பூட்டைத் திறந்து, துருப்பிடித்த பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, பூஜ்யம் என்று பதிந்துவிட்டு வருவார். பதினைந்து நொடி வேலை. ஆனால் அவர் அங்கே முக்கால் மணி நேரம் இருப்பார்.

காரணம் ஒரு செடி. ஜல்லிக்கற்களுக்கு நடுவே தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். சாம்பல் பூத்த இலை, கசக்கினால் மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம், கருஞ்சிவப்பில் குட்டிக் குழல் மாதிரி ஒரு பூ. அழகு என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் சிவப்பு உடம்பும் கறுப்பு இறக்கையுமாக ஒரு பட்டாம்பூச்சி அந்தச் செடியைத் தேடித்தான் வந்தது. ஒவ்வொரு இலையாக உட்கார்ந்து காலால் தட்டிப் பார்த்து, கடுகை விடக் கொஞ்சம் பெரிய செம்முட்டை ஒன்றை வைத்துவிட்டுப் போகும். மனிதர்கள் யாரும் உள்ளே வருவதில்லை. வாசலில் மண்டையோடு படம் போட்ட பலகை இருந்தது. அந்த ஊரில் ஒழுங்காக வேலை பார்த்த ஒரே காவலர் அந்த மண்டையோடுதான்.

மீட்டர்காரருக்கு அந்தச் செடியின் பெயர் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக ஊரிலுள்ள கதவை எல்லாம் தட்டுகிறவர், பெரும்பாலும் நாய்களோடுதான் பேசுவார். "இத்தனை வீட்டுக் கதவைத் தட்டுறீங்களே, ஒரு வீட்டுலயாவது உள்ள வாங்கன்னு சொல்லியிருக்காங்களா?" என்று அவர் மனைவி ஒருமுறை கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அவர் அன்று முழுக்க அதை எண்ணிப் பார்த்தார். மூன்று வீடு தேறியது. அதில் இரண்டு, ஃப்யூஸ் போன வீடு.

அதனால்தான் மண்மலர் மன்றத்தின் அறிவிப்பைப் பார்த்ததும் சேர்ந்துவிட்டார். 'நம் காட்டுப்பூக்களை அறிவோம், பன்னிரண்டு ஞாயிறு, முடிவில் சான்றிதழ்' என்று இருந்தது. மன்றத்தின் தலைவர் ஓய்வுபெற்ற பத்திரப் பதிவாளர். முப்பது வருஷம் பிறர் நிலங்களைப் பதிவு செய்தவர், அவற்றில் என்ன முளைத்திருந்தது என்று ஓய்வு பெற்ற பிறகுதான் கவனித்தாராம். வகுப்பு நடந்த குளிர்சாதன அரங்கில் மேடையின் இரு பக்கமும் பிளாஸ்டிக் பூக்கள் வைத்திருந்தார்கள். நிஜப்பூ வைத்தால் மகரந்தத்தால் பதிவாளருக்குத் தும்மல் வருமாம்.

முப்பத்தாறு பேர் படித்தார்கள். மீட்டர்காரர் கடைசி வரிசை. முதல் மாதம் அவரிடம் பேசிய இரண்டு பேரும், போன தடவை ரீடிங் தப்பாக எடுத்துவிட்டதாகச் சண்டை பிடிக்கத்தான் பேசினார்கள். ஆனால் பாடம் அவருக்குப் பிடித்திருந்தது. ஏழாவது ஞாயிறு 'பூவும் பூச்சியும்'. சில புழுக்களுக்கு ஒரே ஒரு செடிதான் உணவு, அது இல்லையென்றால் பக்கத்தில் பச்சைப் பசேலென்று எது இருந்தாலும் பட்டினி கிடந்து சாகும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதையே தேர்விலும் கேட்டார்கள். எல்லோரும் சரியாக எழுதினார்கள். பல் டாக்டரம்மா ஒன்றரைப் பக்கம் எழுதி முதல் மார்க் வாங்கினாள்.

ஒன்பதாவது ஞாயிறு பதிவாளர் திரையில் ஒரு படம் போட்டார். சாம்பல் இலை, கருஞ்சிவப்புக் குழல். ஆடுதீண்டாப்பாளை, என்றார். ஆடுகூட வாய் வைக்காத கசப்பு. ஒருகாலத்தில் ஊரெல்லாம் கிடந்தது, இன்று நம் நகர எல்லைக்குள் ஒரு செடிகூடக் கிடையாது, தாம் தேடாத இடமில்லை என்று, தம்மோடு சேர்ந்து வளர்ந்த சொந்தக்காரர் காலமானதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

மீட்டர்காரரின் கை தானாக உயர்ந்தது.

"இருக்கு சார். அம்பத்தொரு செடி."

முப்பத்தைந்து தலைகளும் திரும்பின. வாழ்நாளில் அவரை அத்தனை பேர் ஒரே நேரத்தில் பார்த்ததில்லை, கல்யாணத்தன்றுகூட மனைவியைத்தான் பார்த்தார்கள். பதிவாளர் மேடையை விட்டு இறங்கி, கடைசி வரிசை வரைக்கும் நடந்து வந்து, "எங்க சார்?" என்றார். அந்த 'சார்' மீட்டர்காரரின் காதுக்குள் வெல்லக்கட்டி மாதிரி கரைந்தது. இடத்தைச் சொன்னார். சாவி தம்மிடம் இருப்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அவர் மறந்துபோனது சான்றிதழுக்கான விதியை. விதியை எழுதியவர் பதிவாளர் ஆயிற்றே, வாய்வார்த்தையை நம்புகிறவர் இல்லை. ஒவ்வொரு மாணவரும் ஓர் ஏடு தயாரிக்க வேண்டும். அதில் அரிய செடி ஒன்றையாவது உலர்த்தி, 'இலை, தண்டு, பூ, வேரோடு' ஒட்ட வேண்டும். படம் செல்லாது. "வேர் இல்லாத செடி, கையெழுத்து இல்லாத பத்திரம்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு எல்லோரும் தொப்பியும் கையுறையுமாக முற்றத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மண்டையோட்டுப் பலகை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மீட்டர்காரர் பூட்டைத் திறந்தார். முதல் பத்து நிமிஷம் நன்றாகத்தான் போனது. அவர் ஒவ்வொரு செடியாகக் காட்டினார், இலைக்கு அடியிலிருந்த முட்டையைக் காட்டினார், கறுத்த உடம்பில் சிவப்பு முட்கள் வைத்த புழுக்களைக் காட்டினார். அவர்களுக்கு முட்டை தெரியவில்லை, கண்ணாடி கொண்டு வரவில்லையாம். புழு தெரிந்தது. சிலர் பின்வாங்கினார்கள்.

பிறகு பதிவாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

மீட்டர்காரர் நெருங்கிப் போய், தணிந்த குரலில், கொஞ்சம் விட்டுவைக்கலாமே சார் என்று கேட்டார். எல்லோரும் சேர்ந்து ஒரு செடியை எடுத்தால் போதாதா என்றும் கேட்டுப் பார்த்தார். பதிவாளர் பெரிய மனதோடு புன்னகைத்தார்.

"கவலைப்படாதீங்க. வேர் இருக்குமில்ல, மறுபடி துளிர்த்துடும்."

சொல்லும்போது அவர் கையில் ஒரு வேர் முழுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மண் இறுகிக் கிடந்தது. சிலர் பிடித்து இழுத்ததில் தண்டு அறுந்து வந்தது. அறுந்தது விதிப்படி செல்லாது என்பதால் அதை எறிந்துவிட்டு அடுத்த செடிக்குப் போனார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல் மீட்டர்காரர் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். இப்படிப் பாழாவதற்கு, எடுக்கிறதை ஒழுங்காகவாவது எடுக்கட்டும் என்று அவருக்குத் தோன்றியது. சுற்றிலும் நெம்பி, ஜல்லியை ஒதுக்கி, வேர் நுனி கூட முறியாமல் எடுத்துக் கொடுத்தார். "எனக்கும் சார்", "இங்கயும் கொஞ்சம் வாங்க சார்" என்று நாலு பக்கமிருந்தும் கூப்பிட்டார்கள். அவரும் போனார். அன்று அவர் கையால் தோண்டியது மட்டும் பத்தொன்பது. ஏடு தயாரிக்கும்போது ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று சிலர் இரண்டாக எடுத்தார்கள். புழு இருந்த செடியை உதறிவிட்டு எடுத்தார்கள். பத்தே காலுக்கு எல்லாம் முடிந்தது. மீட்டர்காரர் தமக்கென்று ஒன்றும் எடுக்கவில்லையே, சான்றிதழ் போய்விடுமே என்று பதிவாளர் அக்கறையாக விசாரித்தார். அதற்குள் எடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

எல்லோரும் போன பிறகு அவர் மண்டியிட்டு ஜல்லிக்குள் தேடினார். புழுக்கள் சூடான கற்கள் மேல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. சிலது டிரான்ஸ்ஃபார்மரின் பீங்கான் மேல் பாதி வரை ஏறி நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டின. பதினேழு கிடைத்தன. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் துடைத்து அதற்குள் போட்டார். அறுந்து எறியப்பட்ட தண்டுகளையும் பொறுக்கிக்கொண்டார். அந்த இலை இரண்டு நாளைக்கு வந்தது.

மூன்றாம் நாள் மனைவி கொல்லையில் இருந்த ஒவ்வொரு இலையாகக் கொண்டு வந்து வைத்தாள். முட்டைக்கோஸ் வைத்தாள், கீரை வைத்தாள், எதிர்வீட்டு மல்லிகைக்கொடியில் கூட எட்டிப் பறித்தாள். புழுக்கள் எல்லாவற்றின் மேலும் ஏறி நடந்து டப்பாவின் ஓரத்துக்கே போயின.

"இதுங்களுக்கு இவ்வளவு வீம்பா?" என்றாள்.

வீம்பு இல்லை என்று அவர் ஏழாம் பாடத்தை விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ அவங்க எல்லாரும் இதையேதான் படிச்சாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த வாரம் அவர் தம் சரகத்தின் அத்தனை வீடுகளிலும் மீட்டரை விட அதிகமாகத் தரையைப் பார்த்தார். சாக்கடை ஓரம், காலி மனை, பம்ப் ரூம் பின்புறம், பள்ளிக்கூட மதில். ஓரிடத்திலும் இல்லை. பதிவாளர் ஒன்பதாவது ஞாயிறு சொன்னது இப்போதுதான் உண்மையாகியிருந்தது. டப்பாவில் எண்ணிக்கை பதினொன்றானது, ஆறானது. வெள்ளிக்கிழமை காலையில் ஒன்றே ஒன்று இருந்தது. ஊசிபோல இளைத்து, தொட்டால் மட்டும் தலையைத் தூக்கியது.

அன்று பல் டாக்டரம்மாவின் க்ளினிக்குக்கு ரீடிங் முறை. மீட்டர் பால்கனியில். கதவைத் திறந்ததும் மீட்டர்காரர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். வெள்ளைப் பீங்கான் தொட்டியில், வடிகட்டிய மண்ணில், அது இருந்தது. எட்டு இலை. புதிதாக ஒரு துளிர்.

இரண்டு எடுத்தேனே, ஒன்றை ஏட்டில் ஒட்டிவிட்டு மற்றதை நட்டுவிட்டேன் என்று டாக்டரம்மா பெருமையோடு சொன்னாள். பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படிப் பார்த்ததில்லையாம். மீட்டர்காரர் பையிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டே, செடி வாடாமல் பிழைத்ததே பெரிது என்றார்.

"பிழைக்க வெச்சேன் சார். வந்த அன்னைக்கே நாலு புழு. கறுப்பா, முதுகெல்லாம் சிவப்பு முள்ளா, பார்க்கவே கண்றாவி. உடனே மருந்து வாங்கி அடிச்சேன். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அடிக்கிறேன். இன்னைக்குக் காலையிலகூட. ஒரு பூச்சி அண்டல."

மீட்டர்காரர் டப்பாவைத் திறந்து காட்டினார்.

"இந்தப் புழுவா மேடம்?"

"ஐயோ, ஆமா. இதேதான்."

"இதுதான் மேடம் அந்தப் பட்டாம்பூச்சி. நீங்க ஒன்றரைப் பக்கம் எழுதினது."

டாக்டரம்மா டப்பாவைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. முகம் வெளுத்துப்போய், "படத்துல பட்டாம்பூச்சியைத்தானே பெருசா போட்டிருந்தாங்க. புழு ஓரத்துல சின்னதா இருந்துது" என்றாள். உள்ளே நாற்காலியில் வாயைத் திறந்தபடி ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டு, மூன்று இலைகளைக் கிள்ளி, பல் கழுவும் பீச்சுக்குழாயில் முன்னும் பின்னும் கழுவினாள். பஞ்சால் ஒற்றி எடுத்தாள். மறுபடி கழுவினாள். போதுமா என்று கேட்டாள். தெரியவில்லை மேடம் என்றார். போடாவிட்டால் சாயங்காலம் வரை தாங்காது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது.

இலையைப் போட்டார். புழு வெகுநேரம் அசையவில்லை. பிறகு தலையைத் தூக்கி, இலை விளிம்பைக் கவ்வி, மேலிருந்து கீழாகக் கொறிக்கத் தொடங்கியது. விளிம்பில் பிறை மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது.

"தின்னுது சார்" என்றாள் டாக்டரம்மா, சின்னப் பெண் குரலில்.

அவருக்கும் கண் கலங்கிற்று. உள்ளே வந்து உட்காருங்கள், ஏதாவது குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். நாற்காலிக்காரர் முனகவே, அவர் வேண்டாமென்று கிளம்பிவிட்டார்.

நான்காவது வீட்டில் திறந்து பார்த்தார், தின்றுகொண்டிருந்தது. ஏழாவது வீட்டில் இலையை விட்டு இறங்கியிருந்தது. பதினோராவது வீட்டு மீட்டர் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. டார்ச் அடித்துத்தான் பார்த்தார். அரைவட்டமாகச் சுருண்டு, வாயோரம் பச்சை நீர் கசிந்து, கிடந்தது. விரலால் தொட்டார். தலை எழவில்லை. வீட்டுக்காரர் பின்னால் வந்து, ரொம்ப ஓடியிருக்கா என்று கவலையோடு கேட்டார். இல்லை, வழக்கம்போலத்தான் என்று சொல்லி ரீடிங்கைப் பதிந்தார்.

தெருவுக்கு வந்தபோது கைபேசி அடித்தது. பதிவாளர். டாக்டரம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். மன்றம் ஓர் அரிய உயிரைக் காப்பாற்றிய செய்தியைப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருக்கிறாராம், தலைப்பு கூடத் தயாராம். அடுத்த பருவத்தில் பட்டாம்பூச்சி வகுப்பே தொடங்கலாமென்று நிர்வாகக்குழு கூடி முடிவெடுத்துவிட்டதாம். ஏடு உண்டு, சான்றிதழ் உண்டு, ஆளுக்கொரு பட்டாம்பூச்சியைக் குண்டூசியில் குத்திக் கொண்டு வர வேண்டும். இதுவரை ஐம்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

"உங்க கண்ணுக்குத்தான் சார் இதெல்லாம் படுது. அந்தச் செடியோ புழுவோ வேற எங்கயாவது பார்த்தீங்களா?"

மீட்டர்காரர் டப்பாவை மூடினார்.

"இல்ல சார். எங்கயும் இல்ல."

நன்றாகத் தேடினீர்களா என்று பதிவாளர் விடாமல் கேட்டார். ஆமாம் என்றார். அந்த மனிதரிடம் ஒரு தடவையாவது பொய் சொல்ல வேண்டும்போல் அவருக்கு இருந்தது. ஆனால் சொன்னதெல்லாம் நிஜம், சொல்ல ஒரு பொய்கூட மிச்சமில்லை.