இரண்டு திருகாணிகள்

என் மேல்வரிசை முன்பற்கள் இருந்த இடத்தில் இப்போது இரண்டு திருகாணிகள் இருக்கின்றன. டைட்டானியமாம். எலும்பும் நொறுங்கிப் போயிருந்ததால் முதலில் எலும்புத்தூள் வைத்துத் தைத்தார்கள். அது தேறியதும் துளை போட்டுத் திருகினார்கள். மாதக்கணக்கில் பருப்பு சூப்பும் தயிருமாக ஓட்டினேன். போன வாரம்தான் திருகாணிமேல் பல் மாட்டினார்கள். அசல் பல்லைவிட அழகாக இருக்கிறது. அதுதான் என் வயிற்றெரிச்சல். பல் வந்துவிட்டதாம், இனி அடித்தவனை மன்னித்துவிடலாமாம். ஜோர்டானில் எங்கள் கராக் ஊரே முடிவு கட்டிவிட்டது.

அடித்தவன் பெயர் நவ்ஃபான். நான் நான்காம் வகுப்பு டீச்சர். அவன் மகனைக் கணக்கில் ஃபெயில் போட்டேன். பள்ளி விட்டபின் ஆசிரியர் அறைக்குள் வந்தான். சாவிக்கொத்து இறுக்கிய கையாலேயே என் வாயில் குத்தினான். பார்த்தவர் ஒருவருமில்லை. டீச்சர் படியில் வழுக்கி விழுந்தார், நான்தான் தூக்கிவிட்டேன் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தான் அந்தப் பாவி. சாட்சி இல்லாமல் என் வழக்கு தள்ளாடியது. ஆனால் பல் டாக்டருக்கு அவன் வீட்டார் ஓடிவந்து பணம் கட்டினார்கள். கேட்டால் மனிதாபிமானமாம்! கோர்ட்டில் ஒரு பேச்சு, ஊருக்குள் ஒரு பேச்சு.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அவன் வீட்டார் ஐம்பது ஆண்களோடு எங்கள் வீட்டுக்குச் சமாதானம் பேச வந்து இறங்கினார்கள். அப்பா இல்லாததால் எங்கள் பக்கம் பேச சித்தப்பா உட்கார்ந்தார். வந்தவர்களுக்குப் பெரியவர் ஷேக் அபூ ஹாயில். ஊற்றிக் கொடுத்த காப்பியை அவர் குடிக்காமல் முன்னால் வைத்தார். எங்கள் வழக்கப்படி, கேட்டது கிடைக்கும்வரை தொடமாட்டார்; குடித்துவிட்டால் சமாதானம் முடிந்தது என்று அர்த்தம். நானும் அம்மாவும் கதவுக்குப் பின்னால் நின்றோம்.

"நடுவுல சைத்தான் பூந்துட்டான். நடக்கக்கூடாதது நடந்துபோச்சு," என்றார் ஷேக். "புள்ளைக்குப் பல்லும் வந்துருச்சு, அல்ஹம்துலில்லாஹ். வழக்கை விட்டுடுங்க."

சைத்தானுக்கு ஏது சாவிக்கொத்து?

சித்தப்பா குழைந்தார். "ஷேக், நீங்க எங்க படியேறி வந்ததே பெரிசு. காப்பியைக் குடிங்க, நீங்க கேட்டது…"

நான் கதவைத் தள்ளினேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "அடிப்பாவி, ஆம்பளைங்க இருக்கிற இடம்டி!"

"சித்தப்பா, உடைஞ்சது என் பல்லு. காப்பி குடிக்கச் சொல்ல நீங்க யாரு?"

"ருதைனா, உள்ள போ! மானத்தை வாங்காதே."

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். ஷேக், நடந்துபோச்சு நடந்துபோச்சுங்கறாங்களே, தானா நடந்துச்சா? செஞ்சவன் வாயால நான் கேக்கணும். அவனுக்குத்தான் முப்பத்திரெண்டும் கல்லு மாதிரி இருக்கே, பேச்சு தெளிவா வரும்ல?"

யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். ஷேக் திரும்பிப் பார்த்தார். "அவ கேக்கறது நியாயம். சொல்லுடா."

ஓரத்தில் தலைகுனிந்திருந்த நவ்ஃபான் முனகினான். "கோவத்துல கை…"

"காது கேக்கல," என்றேன்.

"அடிச்சேன்! நான்தான் அடிச்சேன். போதுமா?"

"நான் படியில விழுந்தேன்னு எழுதிக் குடுத்தியே?"

"விழல. வக்கீல் எழுதச் சொன்னாரு, எழுதினேன்."

சித்தப்பாவுக்கு மூச்சு வந்தது. "அதான் சொல்லிட்டானே. ஷேக், காப்பி ஆறுது."

"இருங்க சித்தப்பா. ஷேக், அவன் சொன்னதை நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன் மகளே."

"வர்ற செவ்வாக்கிழமை கோர்ட்டுல நீதிபதி உங்களைக் கூப்பிட்டுக் கேட்டா, காதுல விழலம்பீங்களா?"

நவ்ஃபான் துள்ளி எழுந்தான். "இது என்ன ஏமாத்து வேலை!" ஆளாளுக்குக் கத்தினார்கள். சித்தப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். பல்லைக் கடிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கடித்துக்கொண்டுதான் நின்றேன். அசைய மாட்டேன் என்றால் மாட்டேன்.

ஷேக் கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது. முன்னால் இருந்த காப்பியை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"இந்த எழுபது வயசுல நான் பொய்ச்சாட்சி சொன்னதில்ல," என்றார். "செவ்வாக்கிழமை எத்தனை மணிக்கும்மா வரணும்?"