ஒரு சிட்டிகை மக்னீசியம்

...போதும் என்று கண் சொன்ன பிறகும் கரண்டியை இன்னொரு முறை தட்டினேன், மக்னீசியம் வெள்ளையாகத் தராசுத் தட்டில் உதிர்ந்தது, யாராவது பார்த்திருந்தால் வழக்கம்போல உப்பு எடை போடுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள், உப்புதானே, விஷமா வைத்துவிட்டேன்... குடுவையில் கொட்டிக் கலக்கியதும் ஒன்றும் அறியாத தண்ணீர் மாதிரித் தெளிந்துவிட்டது. காலையில் வந்து நின்றாள் சின்னவள். எனக்குப் பின்னால் இந்த ஆய்வகத்தில் சேர்ந்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். "அக்கா, இன்னைக்கு சொல்யூஷன் மட்டும் நீங்க கலந்து குடுங்களேன், உங்க கைப்பக்குவம் எனக்கு வராது" என்றாள். கைப்பக்குவமாம். அடுப்படியில் வேக நான், பந்தியில் முதல் இலைக்கு அவள். மதியம் வெளியிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள், அவர்கள் கண்முன்னே ஓர் எலியின் மூளைத் துண்டு இந்தக் கரைசலில் கிடந்து பாடம் கற்றுக்கொண்டு காட்டினால், புதிதாகத் தொடங்கும் பிரிவுக்குச் சின்னவள் தலைவி, அப்புறம் ஓர் ஊசி வாங்கக்கூட அவள் கையெழுத்துக்கு நான் நிற்க வேண்டும். கற்காது. கற்கும் நேரத்தில் நரம்பு செல்லில் ஒரு கதவு திறக்க வேண்டும், அந்தக் கதவுக்கு மக்னீசியம்தான் தாழ்ப்பாள், தாழ்ப்பாளை இறுக்கிப் போட்டிருக்கிறேன். மின்சாரத்தால் மெல்லத் தட்டினால் பதில் வரும், எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே இருக்கும், பலமாகத் தட்டிவிட்டு எவ்வளவு பதிந்தது என்று பார்க்கும்போதுதான் அவள் முகம் செத்துப்போகும். எனக்கு அந்த முகம் வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மேசையில் துண்டு துண்டாக வெட்டித் துண்டு துண்டாகத் தோற்றுக்கொண்டிருந்தோம், எதைச் செய்தாலும் பதியவில்லை, நரம்பு செல்தான் சரியில்லை என்றார் பேராசிரியர், அவருக்கு நரம்பு செல்லைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. அதைச் சுற்றி நிற்கும் நட்சத்திர செல்களைப் பசை என்று ஒதுக்கிவிட்ட தலைமுறை. எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது, பேச்சு நரம்பு செல்லுடையது, சரி, பேசுகிற கூடத்தைப் பெருக்கி விளக்கேற்றி வைப்பது யார்... சாயம் ஏற்றிப் பார்த்தேன், வெட்டும்போதே நட்சத்திர செல்கள் பாதி செத்திருந்தன, அவை கசியவிட வேண்டிய செரின் என்ற சின்னச் சரக்கு இல்லாமல் நரம்பு செல் பதிக்கத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தது. செரினை நானே சொட்டு விட்டேன், திரையில் கோடு எழும்பி நின்றது, இறங்கவே இல்லை, பக்கத்தில் நின்று கைதட்டியவள் சின்னவள். அந்த வாரமா பிள்ளைக்குக் காய்ச்சல் வர வேண்டும்? நான் வீட்டில் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருக்க, கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டாள். "அக்காவும் நானும் சேர்ந்து பார்த்தோம்." சேர்ந்து. திருடியிருந்தால்கூடத் திருடி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன், அந்தச் சேர்ந்து என்ற சொல்லை என்ன செய்வது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது, என் பெயர் கூட்டத்தில் நடுவே, பசை மாதிரி.

விட்டுத் தொலையேன் என்றார் கணவர், அவருக்கென்ன, அவர் நேற்றைய சண்டையையே காலையில் மறந்துவிட்டுக் காப்பி கேட்கிறவர். நானும் மறந்திருப்பேனோ என்னவோ... சாயங்காலம் ஆனால் அம்மா போன் பண்ணுவாள், சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால், "அந்தக் குட்டி இன்னைக்கு என்ன பண்ணா?" அவள் ஒன்றும் செய்யாத நாளில்கூடத் தேடிப்பிடித்துச் சொல்வேன், என் நாற்காலியை நகர்த்தினாள், பேராசிரியரோடு சிரித்தாள், சொல்லச் சொல்ல அது நடந்ததைவிடப் பெரிதாகும். அம்மா தன் நாத்தனாரோடு பேச்சை நிறுத்தியது எனக்குப் பல் முளைக்கும் முன்னால், இரவல் போன பாத்திரம் ஓட்டையோடு திரும்பி வந்ததற்காக. "மறந்துட்டா நம்மள மிதிச்சுட்டுப் போயிடுவாங்க, பாத்துக்க" என்பாள். இன்று கரைசலைக் கலக்கி வைத்துவிட்டு நானே போன் பண்ணி இந்தத் தாழ்ப்பாள் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள், எத்தனை நாள் கழித்து அந்தச் சிரிப்பு.

வந்துவிட்டார்கள். பேராசிரியர் முன்னால், பின்னால் விருந்தாளிகள், என் கரைசல் குழாய் வழியே துண்டின் மேல் ஓடிக்கொண்டிருந்தது, வாயுக் குமிழ் குபுகுபுவென்று சத்தம் போட்டது. சின்னவள் மெல்லத் தட்டினாள், பதில் வந்தது, அழகான பதில், விருந்தாளிகள் தலையாட்டினார்கள், இதோ, இன்னும் கொஞ்சம்... அப்போதுதான் அவள் எழுந்தாள். "சார், எனக்குக் கை நடுங்குது. அக்கா பண்ணட்டும். இதை முதல்ல பார்த்தது அவங்கதான், நான் அன்னைக்கே ஒழுங்கா சொல்லியிருக்கணும்" என்றாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாவி, இரண்டு வருடம் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய், இன்றைக்கா, இந்தக் கரைசலிலா... மறுக்க ஒரு காரணம் தேடினேன், உட்கார்ந்தேன், பொத்தானை அழுத்தினேன். கோடு ஒரு துள்ளு துள்ளியது. அப்புறம் நான் எதிர்பார்த்தபடியே, மிகச் சரியாக, பழைய உயரத்துக்கு இறங்கிப் படுத்துக்கொண்டது.

"சொல்யூஷன்ல ஏதாவது கோளாறா?" என்றார் பேராசிரியர், என்னைப் பார்த்து. நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் சொன்னாள், "இருக்காது சார், அக்கா கலந்தது. துண்டு வெட்டினது நான், நான்தான் கெடுத்திருப்பேன்." பேராசிரியரின் முகம் சுருங்கியது, விருந்தாளிகளில் ஒருவர் எதையோ குறித்துக்கொண்டார், அவள் முகம், ஆம், நான் கேட்ட முகம்தான், செத்துப்போய்த்தான் இருந்தது. சந்தோஷம் எங்கே? தேடிப் பார்த்தேன். கோபம்தான் கைக்கு அகப்பட்டது, குறையாமல், இன்னும் சூடாக, எனக்காகப் பழியைத் தூக்கிக்கொள்ள இவள் யார் என்று. அவர்கள் தேநீர் குடிக்க அடுத்த அறைக்குப் போனார்கள், திரும்பி வந்து இன்னொரு தடவை பார்ப்பார்களாம். சின்னவள் புதிய துண்டொன்றைத் தூரிகையால் மெல்ல எடுத்து வைத்தாள். என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, பார்க்காமலே தெரியும், அம்மா. "அக்கா, வேற சொல்யூஷன் கலக்கலாமா? இல்ல, இதையே ஓட்டலாமா?" குனிந்தபடியே கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள் போலிருந்தது. புதிதாகக் கலக்க நேரம் இருந்தது, குடுவை கையெட்டும் தூரத்தில், பொடி அதன் பக்கத்தில், சொன்னால் போதும். "இதையே ஓட்டிப் பாரு, பாத்துக்கலாம்" என்று கேட்டது. யார் சொன்னது என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். அறையில் நாங்கள் இருவர்தான், அந்த இழுவை அம்மாவுடையது, அசைந்துகொண்டிருந்தது என் வாய், சின்னவள் சரி என்று தலையாட்டிவிட்டுக் குழாயைத் திறந்தாள்...